தகட்டுக்குக் கீழே இருந்த நிறம்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கையெழுத்து வைப்பேன், பஸ் பலகை வாசிப்பேன். பெயின்ற் தகரத்தில் என்ன இருக்கிறதென்று எழுத்தைப் பார்க்காமல் மூக்கால் மணந்தே சொல்வேன். மற்றதெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பேத்தி தர்சிகா எழுதுகிறாள்.

போன கிழமை இந்தத் தொடரில் என் வீட்டுக்காரரின் கோபங்களைப் பற்றிச் சொன்னதில் அவருடைய சொந்தக்காரர் இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும். இந்தக் கிழமை ஒரு ஜீப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

அது உழவு மெஷின் இழுத்த பெட்டியில் ஏறி எங்கள் வீட்டு வளவுக்கு வந்தது. புழுதி கிளப்புகிற கச்சான் காற்று தொடங்கியிருந்த மாதம். வாசல் கடப்படியில் பெட்டி திரும்பும்போது ஜீப்பின் உடம்பு ஒரு பக்கம் சரிந்து, கயிறு முறுகிச் சத்தம் போட்டது. வைத்தியரிடம் கொண்டுவந்த எருமை மாதிரி இருந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஏறாவூர் ஹாஜியார் வந்தார். நெல் ஆலை வைத்திருப்பவர். அவருடைய லொறிகளுக்கெல்லாம் நான்தான் பெயின்ற் அடிப்பது.

"கனகக்கா, இவன எழுப்பித் தரணும்" என்றார்.

"எழுப்புறது மெக்கானிக்கிட வேல ஹாஜியார். நான் உடுப்புப் போடுறவள்."

"எஞ்சின் அங்க ஏறாவூர்ல செஞ்சிக்கிட்டு இரிக்கி. உடுப்ப நீங்க போடுங்க. மாப்புள வாற வண்டி கா இது. கிழிசலோட வரலாமா?"

அவருடைய கடைசி மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். தமிழருக்கும் அப்படித்தான், முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். அந்த மாப்பிள்ளையை இந்த ஜீப்பில் கூட்டி வரவேண்டும் என்பது ஹாஜியாரின் ஆசை.

அது வெள்ளைக்காரன் பெரிய சண்டைக்குக் கொண்டுவந்த ஜீப். சண்டை முடிந்து அவர்கள் போகும்போது ஏலத்தில் விட்டார்களாம். ஹாஜியாரின் வாப்பா எடுத்தார். வயல் வட்டையிலிருந்து ஆலைக்கு நெல் மூட்டை இழுத்தது, பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, கடைசியில் ஆலைக்குப் பின்னால் கோழி அடைகாக்கிற இடமாகிப் போனது. எனக்கு வரும்போது அதற்கு ஆலையின் நீல நிறம்.

"என்ன நிறம் அடிக்கிற?" என்று கேட்டேன்.

"அசல் நிறம். வாப்பா வாங்கக்குள்ள இருந்த நிறம்."

சரி என்றேன்.

கன் என் கைக்கு வந்த கதை

ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பொம்பிளைக்கு எப்படி இந்தத் தொழில் என்று கேட்டு இந்தத் தொடருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்களாம்.

என் வீட்டுக்காரர் தகரம் தட்டுகிறவர். நெளிந்த மட்காட்டைப் பிள்ளையின் கன்னம் மாதிரி ஆக்கிவிடுவார். ஆனால் அவருக்கு முட்டு. பெயின்ற் புகை பட்டால் போதும், அன்றைக்குப் படுக்கைதான். ஒரு நாள் சித்தாண்டிக்காரர் ஒருவரின் உழவு மெஷினைப் பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது மூச்சு ஏறாமல் குந்திவிட்டார். வயல் உழவு காத்திருந்தது. நான் சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு பெயின்ற் விசிறுகிற கன்னை எடுத்து மிச்சப் பாதியை அடித்தேன். மெஷினின் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் அடிச்சது நல்லா இரிக்கு, அந்தப் பக்கத்தையும் இதே மாதிரி அடிச்சுத் தாங்க" என்றார். அவர் காட்டியது நான் அடித்த பக்கம். வீட்டுக்காரருக்கு இரண்டு நாள் கோபம். பிறகு அவர் தட்டினார், நான் அடித்தேன். இப்போது அவர் இல்லை. தட்டுவதற்கு என் மூத்தவன் இருக்கிறான். அடிப்பது இன்றைக்கும் நான்தான்.

எங்கள் வளவின் பின்பக்கம் கடலோடு சேர்ந்த உப்பு வாவி. பார்க்க வடிவு, தொழிலுக்கு எதிரி. தகரத்தைச் சுரண்டி வெறுமையாக விட்டால் விடியும்போது துரு மஞ்சளாகப் பூத்திருக்கும். ஆகவே சுரண்டின அன்றைக்கே பிறைமர் அடித்துவிட வேண்டும். பிறைமர் என்பது உள்ளுடுப்பு. வெளியில் தெரியாது, அது சரியில்லாவிட்டால் மேலே என்ன பட்டுப் போட்டாலும் நிற்காது.

கிணற்றுத் தண்ணீரும் உவர். அதனால் மாரியில் கூரைத் தண்ணீரை இரண்டு பீப்பாய்களில் பிடித்து மூடி வைப்பேன். தகரம் கழுவ அதுதான். அந்தத் தண்ணீரில் யாரும் முகம் கழுவக்கூடாது. என் மருமக்கள் முதலில் பயந்தது எனக்கல்ல, அந்தப் பீப்பாய்களுக்கு.

பூமணி

சுரண்டுவதற்கும் தேய்ப்பதற்கும் எப்போதும் என்னோடு நிற்பவள் பூமணி. என் வீட்டுக்காரரின் தங்கை. பக்கத்து வளவு. சாண்ட்பேப்பர் பிடித்தால் அவள் விரல் நுனிக்கு ஒரு மேடு பள்ளம் தப்பாது.

புருஷன் செத்தபிறகு அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஒரே மகனை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அவன்தான் நான் வளர்த்த ஏழாவது. பெயர் சுதாகரன். சோற்றுக்குள் மீன் முள்ளைத் தேடித் தேடி எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குவான். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவனுக்கு முதல் வாய் போகும்.

பூமணி திரும்பி வந்து ஒரு வருஷமும் ஆகவில்லை. ஒரு காலை அவன் காலைச் சாப்பாட்டுக்குச் சந்திக் கடையில் பாண் வாங்கப் போனான். பச்சை ஜீப் ஒன்று வந்து நின்றது. அவனை ஏற்றிக்கொண்டு போனது. பூமணி சந்தியின் மறுபக்கம் பஸ்ஸுக்கு நின்றவள், எல்லாவற்றையும் கண்ணால் கண்டாள். அவள் ஓடி வருவதற்குள் ஜீப் போய்விட்டது. சுதாகரன் திரும்பி வரவில்லை. யார், எவர் என்று இங்கே சொல்லப்போவதில்லை. தட்ட வேண்டிய கதவெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தட்டினோம்.

அதற்குப் பிறகு பூமணி பச்சைச் சேலையும் உடுப்பதில்லை.

ஆலை ஜீப் வந்தபோது அவள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். அது நீலமாக இருந்தது. தகரம் தகரமாகக் கழன்று கிடந்தது. எஞ்சினை மூடுகிற பொனற் ஒரு பக்கம், மட்காட் ஒரு பக்கம், சீற் கம்பிகள் ஒரு பக்கம், வெள்ளைக்காரன் துப்பாக்கி செருகின கம்பிக் கூடு ஒரு பக்கம். நாங்கள் இருவரும் குந்தியிருந்து சுரண்டினோம். நீலத்துக்குக் கீழே மண்ணிறம், அதற்குக் கீழே ஒரு சிவப்பு, பிறகு தகரம்.

"இந்த மனிசன்ட வாப்பாவுக்கு எத்தின மனசு கா" என்று சிரித்தாள். "வெங்காயம் மாதிரி உரிஞ்சுகொண்டு போகுது."

"கண்ணீர் வந்தாச் சொல்லு."

"உன்ட சமையலுக்கே வரேல்ல, இதுக்கா?"

அந்த நேரம் ஹாஜியாரின் றைவர் மீராசா ஒரு தகரத்தைக் கொண்டுவந்து வைத்தான். "ஹாஜியார் தந்துவிட்டாரு. இதான் அசல் நிறமாம்." மூடியில் ஒரு துளி பூசியிருந்தது. கறுத்த பச்சை.

பூமணி அந்த மூடியைப் பார்த்தாள். கையிலிருந்த சாண்ட்பேப்பரை மடித்து, முந்தானையில் கையைத் துடைத்து, எழுந்தாள்.

"நீ அடி மச்சாள். உன்ட தொழில். நான் குறுக்க நிக்கேல்ல" என்றாள். "ஆனா அது இந்த வளவுக்குள்ள அந்தக் கோலத்தில நிக்குமெண்டா நான் இனி இந்தக் கடப்பத் தாண்டமாட்டன். அது போனாப் பிறகும் தாண்டமாட்டன்."

எனக்கு நிறத்தோடு கோபம் இல்லை. நெல்லும் பச்சைதான், கண்டல் இலையும் பச்சைதான். கோபப்பட்டால் நான் தொழில் செய்ய முடியாது. ஆனால் பூமணி சொன்னால் சொன்னதுதான். குவைத்தில் எசமானி கையை ஓங்கினாள் என்று அந்த வீட்டிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வந்தவள் அவள். ஹாஜியாருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு நாளும் வைத்தாயிற்று. இந்தப் பக்கம், நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே வேலியில் தண்ணீரும் கறியும் மாற்றிக்கொண்ட மனிசி.

அன்றைக்கு அவள் வீட்டிலிருந்து கறி வரவில்லை.

கொப்புளம்

யோசித்துக்கொண்டே இருந்தாலும் வேலை நிற்காது. மூத்தவனும் நானும் மிச்சத்தைச் சுரண்டி முடித்தோம். தூசியைக் கழுவிவிட்டு வை, மத்தியானத்துக்குப் பிறகு பிறைமர் அடிப்பேன் என்று உதவிக்கு நின்ற மீராசாவிடம் சொல்லிவிட்டுச் சோறு ஆக்கப் போனேன். வந்து பார்த்தேன், எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று கயிற்றில் தொங்கின. தின்னரால் ஒரு தரம் துடைத்துவிட்டுச் சிவப்புப் பிறைமரை மெல்லிசாக அடித்தேன். நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் பொனற்றைத் தடவினேன். கைக்குள் நொறுநொறுவென்றது. அம்மாள் போட்ட உடம்பு மாதிரி முழுக்கக் கொப்புளம். ஒன்றை நகத்தால் கிள்ளி, அடியில் இருந்த ஈரத்தை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

"மீராசா! எந்தத் தண்ணியில கழுவினாய்?"

"ஏன் கா, நல்லாத்தானே கழுவின."

"எந்தத் தண்ணி?"

"பீப்பாயில அரவாசிதான் கிடந்திச்சி. ஒங்கட மழத்தண்ணிய வீணாக்கப்படாதெண்டு பின்னால வாவிக்குக் கொண்டு போனன். கழுத்தளவுக்கு இறங்கி நிண்டு கழுவின கா. உழவு மெஷினெல்லாம் அங்கதானே கழுவுற. எருமையும் கழுவுற. எருமைக்கு ஒண்டும் வரல்லியே."

"எருமைக்கு நான் பிறைமர் அடிக்கிறல்ல!"

மூத்தவன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மீராசாவைத் திட்டி என்ன செய்வது? என் பீப்பாய்க்கு மரியாதை கொடுத்துத்தான் அவன் அந்த வேலை பார்த்தான். எங்கள் ஊர் ஆட்கள் எதை அழுக்காகக் கண்டாலும் வாவிக்குத்தான் கொண்டுபோவார்கள்.

எல்லாவற்றையும் மறுபடி தகரம் வரைக்கும் சுரண்ட வேண்டும். கை குறைந்து போயிருந்தது. வேலிப்பக்கம் பார்த்தேன். பூமணி அவள் முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள், பார்க்காத மாதிரித் திரும்பினாள்.

சின்னப் பெட்டியின் மூடி

ஜீப்பின் முன்பலகையில், றைவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் மூடியில் பித்தளைத் தகடு ஒன்று ஆணி அடித்திருந்தது. ஏதோ இங்கிலிஸ் எழுத்து. முதல் தரம் அதைக் கழற்றாமல் சுற்றிச் சுரண்டியிருந்தோம். இப்போது உப்பு ஆணியடியிலும் இறங்கியிருக்கும் என்று, மூத்தவனைக் கொண்டு ஆணியை அறுத்துத் தகட்டை எடுத்தேன்.

தகட்டுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அளவு இடத்தில், ஒருவர் கையும் படாத நிறம் இருந்தது.

அது பச்சை இல்லை. மண்ணிறமும் இல்லை. வாவி வற்றும்போது கரையில் காய்கிற பாசி ஒரு நிறமாக இருக்குமே, கொஞ்சம் மஞ்சள் ஓடி, கொஞ்சம் மண் ஓடி, அந்த நிறம். தகரத்துக்கு மேல் முதல் முதலாகப் பட்டது அதுதான் என்று பார்த்ததும் தெரிந்தது. ஓரத்தில் மட்டும் பின்னால் வந்த சிவப்பு முட்டிக்கொண்டு நின்றது.

ஹாஜியாருக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"வாப்பா பச்சையெண்டுதான் கா சொல்லுவாரு."

"வாப்பாவுக்கு இது பச்சைதான். இதுக்கு என்ன பேர் வைக்கிற? எனக்கே பேர் தெரியா."

"அப்ப நான் வாங்கின தகரம்?"

"அது இப்பத்தைய பச்ச. அத நான் அடிக்கமாட்டன் ஹாஜியார்." பிறகு காரணத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நம்மட ரெண்டு பக்கத்திலயும் வண்டிச் சத்தம் கேட்டா வெளக்க நூத்து இருட்டுக்குள்ள இருந்த காலம் அது" என்றார். "எனக்கு இது யோசன வரல்ல கா. ஒங்களுக்குச் சரியெண்டு படுறத அடிங்க."

"எனக்கு மட்டும் பட்டாக் காணாது, பூமணிக்கும் படோணும்" என்றேன். மூடியைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்

பூமணியின் முற்றத்துக்குப் போய் அந்த மூடியை அவள் முன்னால் வைத்தேன். இது தகட்டுக்குக் கீழே இருந்தது என்று மட்டும் சொன்னேன். நான் பேச்சில் ஆட்களை வெல்லுகிறவள். அன்றைக்கு வெல்ல விரும்பவில்லை.

அவள் நிழலில் வைத்துப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு, வாவிக்கரைக்குப் போனாள். சாய்த்துப் பார்த்தாள். விரலால் அந்த உள்ளங்கை அளவு இடத்தைத் தடவினாள், தேய்க்கும்போது தடவுகிற அதே மாதிரி. கச்சான் காற்று அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

"அது கறுத்த பச்ச மச்சாள்" என்றாள். "அண்டைக்கு விடியப்பறம் மழை தூறினது. நனைஞ்சு இன்னும் கறுத்து, மினுங்கிக்கொண்டு நிண்டது. கதவடியில மட்டும் பெயின்ற் உரிஞ்சு வெள்ளையாத் தெரிஞ்சது. எனக்கு மறக்குமா?"

"மறக்காது."

"இது அது இல்ல."

"இல்ல."

"ஆனா உருவம் அதுதானே."

நிறத்தைத்தான் நான் மாற்றுவேன், உருவத்தை அல்ல.

அவள் மூடியைத் திருப்பித் தந்தாள். "சாமானோட ஒரு கம்பிக் கூடு வந்ததே, கண்ணாடிக்குக் கீழ பூட்டுறது, துவக்குச் செருகுறது. அதப் பூட்டாத."

"பூட்டமாட்டன்."

"அந்த மனிசன் கேட்டா?"

"மாப்பிளைக்குத் துவக்கு என்னத்துக்கெண்டு கேக்கிறன். பொம்பிளைக்காவது குடுத்தாப் பரவால்ல."

பூமணி சிரிக்கவில்லை. ஆனால் வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

காற்று எழும்பும் முன்

நிறம் சேர்க்க நான் பட்ட பாட்டைத் தனியாக ஒரு கிழமை சொல்லலாம். மஞ்சள், கறுப்பு, ஒரு சொட்டுச் சிவப்பு. காய்ந்தால் நிறம் மாறும். ஆகவே பனஞ்சிலாகைத் துண்டில் தொட்டுக் காயவைத்து, மூடியின் நிறத்தோடு பிடித்துப் பார்த்து, மறுபடி கலந்து. கடைசிச் சிலாகையை மூடிக்குப் பக்கத்தில் பிடித்தபோது எது மூடி எது சிலாகை என்று மூத்தவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு துளி மஞ்சள் விட்டேன்.

கச்சான் காலத்தில் காலை வெயில் ஏறுமுன் அடித்து முடிக்க வேண்டும். காற்று எழும்பினால் புழுதி வந்து ஒட்டும். அதற்கு முதல் வளவு முழுக்கத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்க வேண்டும். அது எப்போதும் பூமணியின் வேலை. அன்றைக்கு மூத்தவனை எழுப்பித் தெளிக்கச் சொல்லுவோம் என்று கதவைத் திறந்தேன்.

நிலம் நனைந்திருந்தது. பூமணி வாளியோடு கடப்படியில் நின்று கடைசித் தண்ணீரை வீசினாள்.

"என்ன பாக்கிறாய்? கன்ன எடு. காத்து வரப்போகுது" என்றாள்.

நான் அடித்தேன். அவள் கயிற்றில் தொங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தாள். பொனற் வந்தபோது கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறகு அதையும் திருப்பினாள். என் வாழ்க்கையில் நான் அடித்த பெயின்றில் அதுதான் திறம். ஓரிடத்தில் வழியவில்லை, ஓரிடத்தில் வறளவில்லை. கையால் தொட்டால் முட்டை ஓடு மாதிரி.

பிறகு மெக்கானிக் வந்து எஞ்சினை வைத்து, சில்லுப் பூட்டி, எங்கள் வளவிலேயே அதைக் கிளப்பினார். ஹாஜியார் கம்பிக் கூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஆலைக்குக் கொண்டுபோய் சாக்குத் தையல் ஊசிகளைச் செருகி வைத்திருக்கிறாராம்.

கொண்டுபோகிற அன்று மீராசாவிடம், பின்பக்க வாவி ஒழுங்கையால் போ, சந்திக்குப் போகாதே என்று சொல்லி வைத்திருந்தேன். பூமணி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம். சந்தியாலேயே போகட்டும். நான் அதில நிண்டு பாக்கிறன்" என்றாள்.

"ஏன் கா உனக்கு இது?"

"ஒண்டு நிக்காமப் போறத ஒருக்காப் பாக்கோணும்."

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால். சந்தியில் பாண் கடைக்கு எதிர்ப்பக்கம், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், விலக்கிவிட்டாள்.

ஜீப் வந்தது. வெயிலில் அந்தப் பாசி நிறம் நன்றாகத் தெரிந்தது. மீராசாவுக்கு விஷயம் தெரியும். தெரிந்ததால் பூமணியைக் கண்டதும் மரியாதைக்கு வேகத்தைக் குறைத்தான். நிற்கப் பார்த்தான்.

"போ!" என்று பூமணி கத்தினாள். "நிக்காத, போ மனே, போ!"

அவன் போனான். பின்சீற்றில் ஒருவரும் இல்லை. ஏறாவூர் றோட்டில் அது சின்னதாகி மறையும் வரைக்கும் அவள் நின்று பார்த்தாள். பிறகு பாண் கடைக்குள் போய் ஒரு இறாத்தல் பாண் வாங்கினாள். சுதாகரன் போன நாளுக்குப் பிறகு அந்தக் கடையில் அவள் முதல் முதலாக வாங்கியது அதுதான். இரண்டு பேரும் அன்றைக்கு அந்தப் பாணைத்தான் சாப்பிட்டோம்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்லத் தொடங்கினேன். எழுது, ஆனால் பெயரையும் எழுது என்றாள். இப்போது என் பக்கத்தில்தான் மீன் ஆய்ந்துகொண்டு இருக்கிறாள். அவள் கேட்டுச் சரி என்றால்தான் இது உங்களிடம் வரும்.

தர்சிகா, பேனைய வை. முதல்ல இருந்து வாசி புள்ள, அவவுக்கும் கேக்கிற மாதிரி. சுதாகரன்ட பேர் வாற இடத்தில ஓடாத. நிண்டு வாசி.